மாமியாரின் திங்கட்கிழமைப் பட்டியல்

லேப் அக்காவுக்கு வாய் நிற்காது. இதை அவரே சொல்லிக்கொள்வார். "எனக்கு ரெண்டு காது, நாலு வாய்மா" என்பார். கல்லூரியின் இரண்டாம் மாடியில் நாற்பது கணினிகள் உள்ள ஆய்வகம் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் என்ன நோய் என்று அவருக்குத் தெரியும். மூன்றாம் நம்பருக்கு மழைக்காலத்தில் மூச்சு வாங்கும். பன்னிரண்டுக்குக் காது மந்தம், எந்த விசையையும் இரண்டு தரம் அழுத்த வேண்டும். முப்பத்தொன்றை முதல் வருடப் பிள்ளைகளிடம் விட மாட்டார். "அது சீனியர்டா, அதுக்குப் பொறுமை கிடையாது."

மாணவர்களையும் அவர்கள் வழக்கமாக உட்காரும் கணினியின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "ஏ இருபத்தாறு, டீயை வெளியே வெச்சுட்டு வா." "எட்டு, உங்கம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. கல்லூரியில் வேறு யாரும் அவர்களுடைய அம்மாக்களைப் பற்றி விசாரிக்கவில்லை.

நான் கீழே அலுவலகத்தில் தட்டச்சர். முதல்வர் அறைக்குப் பக்கத்து மேசை என்னுடையது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவேன். அரைமணி நேரத்துக்குள் அக்கா அன்றைய காலையை முழுசாக நடித்துக் காட்டிவிடுவார். முதல்வர் மூக்கைத் தடவுவது, கணக்கு மேடம் மூச்சு வாங்க மாடியேறுவது, எதையும் விட மாட்டார். அவருடைய கணவர் லிப்ட் மெக்கானிக். "எங்க வீட்டுக்காரருக்கு ஏறினாலும் கவலையில்லை, இறங்கினாலும் கவலையில்லை. நடுவுலே நின்னாத்தான் போன் வரும்" என்று சொல்லித் தானே சிரிப்பார்.

பிள்ளைகள் கிடையாது. ஒரே தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபத்தொன்று. அவர்தான் தலைசீவி விட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கினார். இப்போது அவன் உள்ளூர்ச் செய்திச் சேனலில் இருந்தான். திரையின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்குமே, அதை எழுதுவது அவன் வேலை. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தான், சாப்பாடு கீழே. அவன் எழுதின வரி ஓடினால் அக்கா டீவியைத் தொட்டுக் காட்டுவார். "இது எங்க தம்பி எழுத்து."

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தேர்வில் காப்பியடித்த விவகாரம் பெரிதாகி, அதற்கு மருந்தாக ஒரு மென்பொருளை வாங்கி ஆய்வகத்தில் போட்டார்கள். மாணவர் என்ன தட்டுகிறார், எந்தப் பக்கத்தைத் திறக்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். நிறுவனம் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. பிள்ளைகள் முதல் வாரத்திலேயே 'மாமியார்' என்று மாற்றிவிட்டார்கள். பேசாது, எல்லாவற்றையும் பார்க்கும், பிறகு போய்ச் சொல்லும்.

தேர்வு முடிந்ததும் எடுத்துவிடலாமா என்று அக்கா கேட்டார். "இருந்துட்டுப் போகட்டும்மா. நல்லதுக்குத்தான்" என்றார் முதல்வர். அவர் குரலை உயர்த்தாத மனிதர். எதற்கும் 'நல்லதுக்குத்தான்' என்பார். யாருடைய நல்லதுக்கு என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

திங்கள்தோறும் காலையில் மாமியார் ஒரு பட்டியல் தரும். பெயர், கணினி நம்பர், தேடிய சொற்கள், எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு. அக்கா அதை அச்செடுத்து, போனில் படம் பிடித்து முதல்வருக்கு அனுப்பிவிட்டு, காகிதத்தைக் கோப்பில் வைப்பார். ஆரம்பத்தில் அது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. 'விஷம்' என்ற சொல்லுக்காக வேதியியல் வகுப்பில் பாதிப் பேர் மஞ்சள். தேர்வுக்கு முதல் நாள் 'நாளைக்கு நான் செத்தேன்' என்று நண்பனுக்கு எழுதிய ஒருவனுக்குச் சிவப்பு. முதல்வர் அவனை அறைக்குக் கூப்பிட்டு அரைமணி நேரம் ஆறுதல் சொன்னார். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்க, அழுகிறான் என்று நினைத்து முதல்வர் தண்ணீர் கொடுத்தார்.

ஆசிரியர் அறையில் ஒருவருக்கு மட்டும் இதில் சிரிப்பு வரவில்லை. இதழியல் பாடம் நடத்துகிற சார். ஒல்லியான மனிதர், பேசும்போது மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே பேசுவார். டீ நேரத்தில் அவருக்கும் கணக்கு மேடத்துக்கும் தினமும் வாக்குவாதம்.

"தப்பு செய்யாத பிள்ளைக்கு என்ன சார் பயம்?" என்பார் கணக்கு மேடம். "எங்க வீட்டுக் கதவுலே கண்ணாடி ஓட்டை வெச்சிருக்கோம், யார் வர்றாங்கன்னு பாக்க. அந்த மாதிரிதான் இதுவும்."

"உங்க ஓட்டை வெளியே பாக்குது மேடம். இது உள்ளே பாக்குது."

அக்கா நடுவில் புகுந்தார். "சார், அது மிஷின் சார். அதுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்கிறதுதான் பயமே. வார்த்தை தெரியும், யாரு எதுக்குச் சொன்னாங்கன்னு தெரியாது. லிஸ்ட்டைப் படிக்கிற நமக்கும் தெரியாது. ஆனா படிச்சு முடிச்சதும் தெரிஞ்சவங்க மாதிரி ஆயிடுவோம். இன்னும் கொஞ்ச நாள்லே நான் வகுப்புலே எதைப் பேசலாம்னு அதைத்தான் கேக்கணும்."

அன்று மத்தியானம் அக்கா எனக்கு அந்த சாரையும் நடித்துக் காட்டினார், மேசையில் விரல் கோடு உள்பட. நானும் சிரித்தேன்.

அந்தப் பருவத்தில் சார் மாணவர்களுக்கு ஒரு கட்டுரை வேலை கொடுத்தார். ஊருக்கு வெளியே ஒரு பெயிண்ட் கிடங்கு நான்கு வருடத்துக்கு முன்னால் எரிந்து ஏழு பேர் செத்துப்போயிருந்தார்கள். அன்று மாலையே உள்ளூர்ச் சேனல், ஒரு தொழிலாளி சிகரெட்டை அணைக்காமல் போட்டதுதான் காரணம் என்று சொல்லி, அவர் படத்தை வட்டம் போட்டுக் காட்டியது. அவரும் செத்தவர்களில் ஒருவர், மறுத்துப் பேச முடியாது. ஒன்றரை வருடம் கழித்து வந்த விசாரணை அறிக்கையில் சிகரெட்டே இல்லை. பழைய மின்கம்பியும், வெளிப்பக்கம் பூட்டியிருந்த பின்கதவும்தான் இருந்தன. அந்த அறிக்கையைப் பற்றிச் சேனல் மூச்சு விடவில்லை. 'செய்தியையும் அறிக்கையையும் ஒப்பிடுக. தவறான செய்திக்கு யார் பொறுப்பு?' என்பது கட்டுரை. அந்தத் தாளைத் தட்டிக்கொடுத்தது நான். தேதி நாலு.

கிடங்கின் முதலாளி எங்கள் கல்லூரி நிர்வாகக் குழுவில் இருக்கிறவர். அது சாருக்கும் தெரியும். "அதனாலே கேக்கக் கூடாதா?" என்றார் என்னிடம். நான் தாளை நீட்டினேன்.

பதினோரு பேர் அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பத்தொன்பது என்று அக்கா கூப்பிடும் பெண் ஒருத்தி. கலகலப்பான பிள்ளை இல்லை. காலை எட்டரைக்கு லேப் கதவு திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பாள். அந்த வாரம் முழுக்கப் பத்தொன்பதாம் கணினியை விட்டு நகரவில்லை. படிப்பில் ஆர்வம் என்று நினைத்து அக்கா அவளுக்காகப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து கதவைத் திறந்தார். சேனல் வட்டம் போட்டுக் காட்டிய அந்த மனிதர் அவளுடைய தாய்மாமா என்பது அக்காவுக்குத் தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை பட்டியலில் பதினோரு பெயரும் சிவப்பு. 'கிடங்கு வரைபடம்', 'தின்னர் எவ்வளவு வேகத்தில் எரியும்', 'சிகரெட்டால் பெயிண்ட் பற்றுமா', 'பூட்டிய கதவு தப்பிக்க எத்தனை நிமிடம்'. முதல் வரியில் பத்தொன்பது.

அன்று மாலை வீட்டில் தம்பிக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா கதை சொன்னார். பின்னால் இதை என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி அழுதார், அதனால் எனக்குத் தெரியும்.

"மாமியாருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுடா. பதினோரு பேரு கிடங்கைக் கொளுத்தப் போறாங்களாம்! பத்தொன்பதுன்னு ஒரு பிள்ளை, கொசு கடிச்சாக்கூட அடிக்க மாட்டா, அவதான் தலைவியாம்."

கணவர் சிரித்தார். தம்பியும் சிரித்தான். "நெசமாவா? எங்கே, காட்டு" என்று கையை நீட்டினான். அக்கா போனில் இருந்த படத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, அடுப்பில் வைத்த பாலை இறக்கப் போனார். திரும்பி வந்தபோது போன் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தம்பி கை கழுவிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை மத்தியானம் ஆசிரியர் அறைத் தொலைக்காட்சியில் அது வந்தது. 'கல்லூரி ஆய்வகத்தில் தீவைப்புச் சதி?' கீழே பட்டியலின் படம். பெயர்களை மறைக்க ஒரு சாம்பல் பட்டை போட்டிருந்தார்கள், ஆனால் முதல் பெயரின் மேல் அது சரியாக விழவில்லை. பத்து நிமிடத்தில் அடுத்த வரி ஓடியது. 'நான்கு ஆண்டுக்கு முன் தீ வைத்தவரின் உறவுக்காரப் பெண்ணா?'

கணக்கு மேடம் வாயில் வைத்த டம்ளரை எடுக்கவே இல்லை. இதழியல் சார் எழுந்து திரைக்கு அருகே போய் நின்றார். "வச்சவர்னு போட்டிருக்காங்க" என்றார் மெதுவாக. "விசாரணை அறிக்கை வந்து ரெண்டரை வருஷம் ஆச்சு. இன்னும் வச்சவர்னு போடறாங்க." அக்கா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். அன்றுதான் முதல்முறையாக அவர் ஒன்றுமே பேசாமல் இருந்ததைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வாசலில் கூட்டம். நாலு மணிக்குப் போலீஸ் வந்து பத்தொன்பதாம் கணினியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனது. மேசையில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது. பதினோரு பேரையும் வகுப்புக்கு வர வேண்டாம் என்று முதல்வர் சொல்லிவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தான். அவங்க நல்லதுக்குத்தான்."

வீட்டுக்குப் போன அக்கா உடுப்பைக்கூட மாற்றாமல் மாடிப்படி ஏறினார். தம்பி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"நீயாடா?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். "நாங்க யாரையும் குத்தம் சொல்லலைக்கா. கேள்விக்குறி போட்டிருக்கோம் பாரு. சொல்லலை, கேக்குறோம்."

"யாருடா பதில் சொல்றது? அந்தப் பொண்ணா?"

"சொல்லட்டும். கூப்பிட்டா மைக் கொண்டு போறோம்."

"அது பாடம்டா! வாத்தியார் குடுத்த வேலை. நான் உங்கிட்ட சிரிக்கச் சொன்னேன்."

"சிரிச்சேன். சிரிச்சுட்டு ஆபீஸ்லே சொன்னேன். மேலே இருக்கிறவங்க எடுத்துக்கிட்டாங்க. உள்ளே போனதை வெளியே எடுக்க என் கையிலே இல்லைக்கா." கண்ணாடியில் தலையைச் சரிசெய்தான். பிறகு திரும்பாமலே, "எங்கேருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா நீயும் வாயைத் திறக்காதே. என் வேலை மட்டும் இல்லை, உன் வேலையும் போகும். குடுத்தது நீதானே?" என்றான்.

அக்கா தலைசீவி விட்ட பிள்ளை அவன். அவன் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டுக்கொண்டு நின்றபோது, கீழே தன் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே சேனல் ஓடிக்கொண்டிருந்ததாம்.

அடுத்த நாள் கல்லூரிக்குள் இன்னொரு பேச்சு முளைத்தது. பட்டியலை வெளியே கொடுத்தது இதழியல் சார்தான் என்று. மாமியார் வேண்டாம் என்று அவர்தானே கத்திக்கொண்டிருந்தார், கல்லூரி மானத்தை வாங்கவே கொடுத்திருப்பார். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் எல்லோரும் தாங்களே கண்டுபிடித்தது போலச் சொன்னார்கள். டீ நேரத்தில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

வெள்ளிக்கிழமை முதல்வர் அக்காவைக் கூப்பிட்டார். கதவு பாதி திறந்திருந்தது, என் மேசைக்கு எல்லாம் கேட்டது.

"திங்கட்கிழமை மத்தியானம் இதழியல் சார் லேப்புக்கு வந்தாராம்மா?"

"வந்தார் சார். ஏதோ பிரிண்ட் எடுக்க."

"அந்த நேரத்துலே லிஸ்ட் மேசை மேலே இருந்திருக்கும்."

"கோப்புலே இருந்துச்சு சார்."

"இருந்திருக்கலாம்னு சொல்றேன்." காகிதம் நகரும் சத்தம். "இதுலே அதுதான் எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போதும். விசாரணை சுருக்கா முடிஞ்சிரும், பசங்களும் வகுப்புக்கு வந்துருவாங்க. உங்களுக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாம் நல்லதுக்குத்தான்."

அக்கா ஒரு நாள் அவகாசம் கேட்டார். வெளியே வந்ததும் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காகிதத்தைத் தட்டியதும் நான்தான். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அதன் எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

மறுநாள் அக்கா பத்தொன்பதின் வீட்டைத் தேடிப் போனார். ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. வாசல் சுவரில் யாரோ கரியால் எழுதியதை அழித்த அடையாளம். உள்ளே பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். அந்தப் பெண்ணின் அம்மா அக்காவை உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பகல் பதினோரு மணி. தெருவில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளா நிக்கிறான்" என்றார் அம்மா. "யாருன்னு தெரியலை. ஒண்ணும் பண்றதில்லை. நிக்கிறான்."

பத்தொன்பது பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "எங்க மாமா சிகரெட்டே பிடிக்க மாட்டார்க்கா" என்றாள். "அவருக்கு இழுப்பு. மூச்சு விடறதே கஷ்டம். அதை யாருமே கேக்கலை. சரி, நாமளே நிரூபிச்சு கட்டுரையிலே எழுதிடலாம்னு பாத்தேன். அவ்வளவுதான்."

அக்கா அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? அந்த லிஸ்ட்டை முதல்லே பாத்தது நீங்கதானே. என் பேரைப் பாத்ததும் என்ன நெனச்சீங்க?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். "சிரிச்சேன்மா" என்றார். "வீட்டுலே போய்ச் சொல்லியும் சிரிச்சேன். என் தம்பி அந்தச் சேனல்லே இருக்கான். என் போன்லேருந்துதான் போச்சு."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். பத்தொன்பது அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கதவை எனக்காகச் சீக்கிரம் திறந்தீங்களே" என்றாள். அதைத் திட்டாகச் சொன்னாளா, நன்றியாகச் சொன்னாளா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமை விசாரணைக் குழு கூடியது. மூன்று பேர். முதல்வர், ஒரு வழக்கறிஞர், மூன்றாவதாகக் கிடங்கு முதலாளி. நடவடிக்கைக் குறிப்பைத் தட்ட என்னை ஓர் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். முதலாளி சுத்தமாக உடுத்திய, அமைதியான மனிதர். எனக்கு விசிறிக் காற்று படுகிறதா என்று அக்கறையாகக் கேட்டார்.

இதழியல் சாரை முதலில் விசாரித்தார்கள். ஏன் அந்தத் தலைப்பு, யார் சொல்லிக் கொடுத்தார், வெளியாட்கள் யாருடனாவது தொடர்பு உண்டா. "பாடத்திட்டத்துலே ஊடகப் பொறுப்புன்னு ஒரு பகுதி இருக்கு. இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு இந்த ஊர் உதாரணம் சொன்னேன்" என்றார் அவர். வழக்கறிஞர் எதையோ கோடிட்டார்.

பிறகு அக்கா வந்தார். முதல்வர் அந்தக் காகிதத்தை நகர்த்தினார். அக்கா அதைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து கட்டுரைத் தாளை எடுத்து மேசையில் விரித்தார். "தேதியைப் பாருங்க சார். நாலாம் தேதி. பிள்ளைங்க தேட ஆரம்பிச்சது அஞ்சாம் தேதி. இதுலே இருக்கிற கேள்விக்குத்தான் அவங்க பதில் தேடினாங்க. சிவப்புப் போட்ட அன்னைக்கே இதைப் பக்கத்துலே வெச்சுப் பாத்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காது. நான் பாக்கலை. நீங்களும் பாக்கலை."

"லிஸ்ட் எப்படி வெளியே போச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் வழக்கறிஞர்.

"நான்தான் குடுத்தேன். என் போன்லேருந்து என் தம்பி எடுத்துக்கிட்டான். இந்த சாருக்கு அதிலே சம்பந்தமே இல்லை."

கிடங்கு முதலாளி என் பக்கம் திரும்பினார். "இதை எழுத வேண்டாம்மா" என்றார், அதே அக்கறையான குரலில்.

என் விரல்கள் நின்றுவிட்டன. பொய் சொல்ல மாட்டேன், நின்றுவிட்டன. அக்கா என்னைப் பார்த்தார். "தட்டும்மா" என்றார். "ஆறு வருஷமா என்கூட உக்காந்து சாப்பிடுறே. நான் சொன்னதை மட்டும் தட்டு."

தட்டினேன். மூன்று வரி.

மறுநாள் கையெழுத்துக்கு வந்த பிரதியில் அந்த மூன்று வரி இல்லை. நான் தட்டிய பக்கத்துக்குப் பதிலாக வேறு யாரோ தட்டிய பக்கம். அக்கா அதைப் படித்துவிட்டு, பேனாவால் குறுக்கே 'இது நான் சொன்னது இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே இரண்டு பக்கக் கடிதம் எழுதி, கட்டுரைத் தாளோடு சேர்த்துப் போலீஸ் நிலையத்தில் நேரில் கொடுத்து, கொடுத்ததற்கு முத்திரையும் வாங்கிக்கொண்டார். கணவர் கூடப் போனார். திரும்பி வரும்போது அவர், "தம்பி பேரையும் எழுதினியா?" என்று கேட்டாராம். எழுதியிருந்தார்.

ஆறு வாரத்தில் மாணவர்கள் மேல் இருந்த புகாரைப் போலீஸ் மூடியது. சேனல் ஒரு திருத்தம் போட்டது. காலை ஆறு மணிக்கு, பன்னிரண்டு விநாடி. யாரைப் பற்றிச் சொன்னது தவறு, எது தவறு என்று அதில் இல்லை. 'ஓர் ஊழியரின் கவனக்குறைவு' என்று மட்டும் இருந்தது. அந்த ஊழியர் தம்பி. அவனை அனுப்பிவிட்டார்கள். செய்தியைக் கேட்டு வாங்கி ஒளிபரப்பிய மேலதிகாரிகள் அதே நாற்காலியில் இருந்தார்கள். தம்பி அக்கா வீட்டு மாடியைக் காலி செய்தான். சாமான் ஏற்றும்போது அக்கா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அவன் டம்ளரை வாங்கிப் படியில் வைத்துவிட்டு வண்டியேறினான். ஒரு மாதத்தில் இன்னும் பெரிய சேனலில் அவனுக்கு வேலை கிடைத்தது.

இதழியல் சாரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த வருடப் பாடத்திட்டத்தில் ஊடகப் பொறுப்பு என்ற பகுதி போய், விளம்பரம் எழுதுதல் என்று வந்தது. பத்து மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினார்கள். அவர்கள் லேப்புக்கு வந்தால் எதையும் தேடுவதில்லை, கொடுத்ததைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். பத்தொன்பது திரும்பவில்லை.

அக்காவின் வேலை போனது. காரணம், மாணவர்களின் அந்தரங்கத் தகவலை வெளியே விட்டது. அது உண்மைதான், அதை அவர் ஒருநாளும் மறுக்கவில்லை. ஆனால் அந்தரங்கம் என்ற சொல் எங்கள் கல்லூரிக் கடிதம் ஒன்றில் வந்தது அதுவே முதல்முறை. அந்த ஆணையையும் என்னிடம்தான் தட்டக் கொடுத்தார்கள். அந்த மாதமே அலுவலகக் கணினிகளிலும் மாமியாரைப் போட்டார்கள். இதை நான் வீட்டில் நோட்டுப் புத்தகத்தில், கையால் எழுதுகிறேன்.

அக்கா இப்போது ஒரு கண் மருத்துவமனையில் வருகிறவர்களைப் பதிவு செய்யும் இடத்தில் இருக்கிறார். போன வாரம் என் அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கூட்டம் குறைந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பத்தொன்பது வேறு ஊரிலிருந்து தபாலில் படிப்பை முடித்துக்கொண்டிருக்கிறாளாம். கிடங்குத் தீயை மறுபடி விசாரிக்க வேண்டும், மாமாவின் மேல் போட்ட பழியை எழுத்தில் நீக்க வேண்டும் என்று வழக்குப் போட்டிருக்கிறாள். விசாரணைக் குழுவில் முதலாளி என்ன சொன்னார் என்று சாட்சி சொல்ல அக்காவைக் கேட்டிருக்கிறாள்.

"நேர்லே வந்து கேட்டாளா?"

"போன்லே. அக்கான்னு கூப்பிடலை. பேசி முடிச்சதும் வெச்சுட்டா. பரவாயில்லை." மேசை மேலிருந்த சீட்டுகளை அடுக்கினார். "அடுத்த மாசம் பத்தாம் தேதி. போறேன்."

பிறகு தலையைத் திருப்பாமல், கண்ணால் மட்டும் காத்திருக்கும் நாற்காலிகளைக் காட்டினார். கடைசி வரிசையில் நடுவயதுக்காரர் ஒருவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணில் கட்டு இல்லை, கையில் சீட்டு இல்லை.

"முந்தாநாள்லேருந்து வர்றார். கதவு திறக்கும்போது வர்றார், மூடும்போது போறார். பேரு பதியணுமான்னு கேட்டேன். 'வேணாம்மா, சும்மா உக்காந்திருக்கேன்'னார்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"என்னன்னு சொல்ல? உக்காந்திருக்கிறது குத்தமா?" அக்கா குரலைத் தாழ்த்தினார். "உன்னையும் சாட்சியாப் போட்டிருக்காங்க. தட்டினது நீதானே. கடிதம் இன்னும் வரலையா?"

வரவில்லை என்றேன். அக்கா என் அம்மாவின் சீட்டை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார். "வரும். வந்தா பயந்து கிழிச்சுப் போட்டுடாதே" என்றார். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார், கொஞ்சம் தாழ்ந்த குரலில், அந்த ஒருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். கடைசி வரிசையில் இருந்தவர் எங்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார்.